இரண்டரை மணி அவதானிப்பு

பதிவேட்டு அலுமாரிக்கு மேலே
ஆணி அடிக்காமல் சாத்திவைத்த பலகை.
மாற்றலாகிப் போன பழைய பொறுப்பாளர்
குடையை மறக்கவில்லை,
இதை விட்டுவிட்டுப் போனார்.

ஒரு மலை. முடிக்காத மலை.
பென்சில் கோடு வெளியே தெரிய
அதன்மேல் ஈயநிறத்தில் இழுத்துவிட்ட மழை.
நடுவில் ஓர் ஆள்,
தூரிகை மூன்று தரம் தொட்டதில் உண்டானவன்:
கறுப்பு, மண்ணிறம்,
கழுத்தடியில் ஏனென்று தெரியாத ஒரு சிவப்பு.

"ஏறுறானா, இறங்குறானா?" என்பார்
பகல்வேலை நவ்பர்,
கிண்ணியா பஸ்ஸுக்கு நேரம் பார்த்தபடி.
எனக்கு அது கேள்வியில்லை.
நான் வானம் படித்துச் சம்பளம் எடுப்பவள்.
முகில் எட்டில் எட்டு.
கண்ணுக்கு எட்டும் தூரம் இருநூறு மீற்றர்.
மரங்கள் எல்லாம் இடப்பக்கம் சாய்ந்து கிடக்க
இவன் அங்கி மட்டும் வலப்பக்கம் பறக்கிறது.
ஒரே சட்டத்துக்குள் இரண்டு காற்றா?
வரைந்தவன் காற்றில் நின்றதேயில்லை என்று
நாலு வருஷம் சொல்லிவந்தேன்.

கார்த்திகை. தாழமுக்கம் கரையை நெருங்கிய இரவு.
கரண்ட் போய்,
டோர்ச்சோடு மழைமானிக்கு இறங்கினேன்.
உவர்மலை, மலையென்று பேர்தான்;
சைக்கிள்காரர் பாதியில் இறங்காமல் ஏறிவிடுவார்கள்.
அன்று அதற்கு உயரம் வந்திருந்தது.
துறைமுகம் இல்லை. கப்பல் விளக்கு இல்லை.
கடல் எந்தப் பக்கம் என்பதைக்
காதுதான் சொல்லிற்று.

வேம்புகள் எல்லாம் ஒரே திசைக்கு முறிய வளைய,
பாறையில் மோதித் திரும்பிய காற்று
என் மழைக்கோட்டைப் பிடித்து
எதிர்ப்பக்கம் இழுத்தது.

நின்றுவிட்டேன்.
கையெழுத்துக்கூட இல்லாத பலகை,
யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?

அளவுக் குவளையில் ஒன்பது தரம் ஊற்றி
எண்பத்தேழு மில்லிமீற்றர்.
விரல் விறைத்து ஏழு ஒன்றாய் விழ
அடித்துத் திருத்தினேன்.
காற்றின் திசைக்குப் படிவத்தில் ஒரு கட்டம்தான்.
வடகிழக்கு என்று எழுதினேன்.
மற்றக் காற்றை எழுத இடமில்லை.

விடிய, நவ்பர் முழங்கால்வரை சேற்றோடு வந்து
வழக்கம்போல் பலகையைப் பார்த்தார்.
"ஏறவுமில்ல, இறங்கவுமில்ல" என்றேன்.
"டியூட்டியில நிக்கிறான்."

"அப்ப ஓவர்டைம் குடுக்க வேணுமே" என்றுவிட்டுக்
கேத்தலைத் தேடிப் போனார்.