ஆட்காட்டி

இரவெல்லாம் நான் சொல்வது ஒரே வாக்கியம்.
மூச்சை இழுங்க, அப்படியே பிடிங்க.
குடியாத்தத்துக்காரருக்குத் தமிழில்,
சித்தூர்க்காரருக்கு ஊபிரி பிகபட்டண்டி,
ராஞ்சியிலிருந்து வந்தவருக்கு ஸாஸ் ரோக்கோ,
கல்கத்தா அம்மாளுக்கு நிஷ்ஷாஸ் பந்தோ.
பொத்தானை அமுக்குவேன்.
விடுங்க என்று சொல்ல மறந்த இரவுகளும் உண்டு.
பாவம், பிடித்தபடியே நிற்பார்கள்,
ஆயிரம் மைல் தாண்டி வந்த கீழ்ப்படிதலோடு.

படம் திரையில் ஏறும்போது
முதலில் பார்ப்பவள் நான்.
டாக்டருக்கு முன்பு,
அவர்களுக்கு வெகு முன்பு.
"என்னம்மா தெரியுது?"
"டாக்டர் சொல்வாருங்க."
பதினோரு வருடமாய் இந்தப் பதில்.
பங்குனியில் ஒரு பையன், ஆறு வயது,
சட்டையைத் தானே கழற்றி மடித்து வைத்தான்.
அவன் படத்தை அனுப்பிவிட்டு
கழிவறைக் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.
வேலையை விடும் கடிதம் அன்று எழுதியது.
இன்னும் பையில்தான் இருக்கிறது,
நாலாய் மடித்து, லென்ஸுக்கு அடியில்,
மணல் ஏறாமல்.

கேமரா ஆரணியில் வாங்கியது.
கல்யாணப் படக்காரர் எத்திராஜ்
புதிதுக்கு மாறிவிட்டு விற்ற பழசு.
தோள்வாரில் இன்னும் மஞ்சள் கறை,
எந்த வீட்டு நலங்கோ.
"சிரிச்ச முகமா பாத்துப் பழகினதும்மா இது,
பறவை சிரிக்குமா?" என்றார்.

ஏழுக்கு ஷிப்ட் முடிந்தால்
ஏழேகாலுக்கு ஆற்றில் இருப்பேன்.
ஆறு என்பது பேச்சுக்கு.
பாலாற்றில் மணல், சரளை, வேலிக்காத்தான்.
ரயில் பாலத்தைக் கடக்கையில்
கீழே வெறும் வெயில் அதிர்கிறது.
தள்ளி மொட்டை மலைகள்,
நேற்றைய சூட்டை இன்னும் வெளியே விட்டு முடிக்காதவை.

முதல் வாரம் எடுத்தது நூற்று நாற்பது படம்.
நூற்று நாற்பதும் வால்.
பறக்கிற வால், ஓடுகிற வால்,
வால் இருந்த இடம்.

கால் கடுத்துச் சரளையில் உட்கார்ந்துவிட்ட ஒரு நாள்
ஆட்காட்டி அலறியது.
ஆள் வந்தாச்சு, ஆள் வந்தாச்சு என்று
தலைக்கு மேல் சுற்றிச் சுற்றி.
இரவெல்லாம் ஆளின் உள்ளைக் காட்டுகிறவளை
ஆற்றுக்கே காட்டிக் கொடுத்தது.
நான் அசையவில்லை.
பொறுமை என்று நினைக்க வேண்டாம், அசதி.
வெகுநேரம் வைதுவிட்டு இறங்கி
ஓடி நின்று, ஓடி நின்று,
கற்களுக்கு நடுவே சில கற்களின்மேல் உட்கார்ந்தது.
கற்கள் இல்லை.
நாலு முட்டை.
சரளையின் நிறம், சரளையின் புள்ளி.
ஒரு வாரமாய் அதன் ஓரமாகத்தான் நடந்திருக்கிறேன்.

கேமராவைத் தூக்கினேன்.
யாரும் சொல்லவில்லை, மூச்சு தானே நின்றது.
எத்தனை ஆயிரம் பேரிடம் கேட்டு வாங்கியிருப்பேன்
இந்தத் துளி நிசப்தத்தை,
ஒருமுறைகூட எனக்கென்று எடுத்துக்கொள்ளாமல்.
க்ளிக்.
விட்டேன். மெதுவாக, முழுசாக,
அடிவயிறு வரை.

படம் சுமார்தான்.
கண்ணில் கூர்மை இல்லை.
இறகுக்கு வெளியே தெரிவது ஒரே ஒரு முட்டை,
அதையும் கல் என்று சத்தியம் செய்யலாம்.

மாட்டு வண்டியில் மணலுக்கு வந்தவர் கேட்டார்,
"என்னம்மா தெரியுது அங்க?"
"ஒண்ணுமில்லீங்க, கல்லு."
சொன்ன பிறகு நெஞ்சு லேசாக இருந்தது.
இங்கேயும் பார்த்ததைச் சொல்லாமலிருப்பதே என் வேலை.
ஆனால் இந்த மௌனத்துக்கு அடியில் சூடு இருக்கிறது.

பொரிய இருபத்தெட்டு நாள் ஆகுமாம்.
அதுவரை நைட் ஷிப்டே போடச் சொல்லிக் கேட்டேன்.
சூப்பர்வைசர் கிரேஸ் சுகந்தி
பேனாவை மூடிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

இப்போது விடுங்க என்பதையும்
நாலு மொழியில் பழகிக்கொண்டிருக்கிறேன்.
வங்காளத்தில்தான் நாக்கு இடறுகிறது.
சாடுன் என்கிறேன்,
கல்கத்தா அம்மாள் திருத்துகிறார்,
மூச்சை விட்டபடியே.