எங்கே நிற்கிறது

சத்துவாச்சாரி, கலெக்டர் ஆபீஸ் எதிர்வரிசை.
ஜெராக்ஸ் பக்கம் இரண்டு ரூபாய்,
மனு எழுத ஐம்பது,
எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்லப் பத்து.
தெரிந்தவர்களுக்கு இலவசம்.
பதினோரு வருடத்தில்
எல்லோரும் தெரிந்தவர்களாகிவிட்டார்கள்.

ஊசூர் கோதண்டனின் உட்பிரிவுப் பட்டா
சர்வேயரிடம் நிற்கிறது.
பேரணாம்பட்டு முபாரக் பாஷாவின் வாரிசுச் சான்று
ஆர்.ஐ. மேசையில் நிற்கிறது.
"இன்னா சார், ஒரே எடத்துல நிக்குது,
கால் வலிக்காதா அதுக்கு?"
சர்வர் டவுன் என்கிறேன்.
பாதி நாள் அது உண்மையும்கூட.

மணி ஐந்தரை ஆனால்
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
என்னுடையதைத் திறப்பேன்.
ரெஜைனாவில் அப்போது காலை ஆறு.
இரவுப் பணி முடியும் நேரம்,
பியூலா கடைசி நோயாளியின் சூடு பார்த்துக்கொண்டிருப்பாள்.
ஓர் எழுத்து, ஒன்பது எண்கள்.
விசுவாசப் பிரமாணத்தில் தடுமாறுவேன்,
இதில் தடுமாறுவதில்லை.
வட்டம் சுற்றும்.
சுற்றி நிற்கும்.
பரிசீலனையில் உள்ளது.

நானூற்றுப் பன்னிரண்டு நாளாக அதே இரண்டு சொல்.
ஒரே ஒரு நாள்
அவற்றின் கீழிருந்த தேதி மாறியிருந்தது.
அன்று ஜெமிமாவுக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன்.
அங்கே பியூலா, தனியாக, ஒரு துண்டு கேக்.
மறுநாள் தெரிந்தது,
ஏதோ பராமரிப்பாம்,
எல்லோருடைய தேதியும் மாறியதாம்.

இங்கே எனக்கு வழி தெரியும்.
சர்வேயருக்கு பாகாயத்தில் வீடு,
காலை ஏழுக்கு நாயோடு நடப்பார்.
ஆர்.ஐ.க்கு நீரிழிவு, சர்க்கரையில்லாத காபி,
முகத்துக்கு நேரே கேட்டால்
கூச்சப்பட்டாவது கையெழுத்துப் போடுவார்.
தாசில்தாரின் டிரைவர் என்னோடு படித்தவன்.
என் கோப்பை வைத்திருப்பவர் யார்?
ஆணா, பெண்ணா,
எந்தக் கடையில் டீ குடிப்பார்,
எந்த வாசலில் போய் நின்றால்
கார் கண்ணாடியை இறக்குவார்?
சொன்னால் போதும்,
நான் போய் நிற்கிறேன்.

ஆகஸ்டில் ஒரு கடிதம் வந்தது:
மருத்துவச் சான்று காலாவதி.
குழந்தையின் புகைப்படம் பழையது.
காட்பாடியில் விடிகாலை ரயில்,
சென்னையில் அதே டாக்டர், அதே எடைமேடை.
போன தடவை தூக்கி நிறுத்த அழுதவள்
இந்தத் தடவை தானே ஏறி
"எத்தன கிலோ?" என்று கேட்டாள்.
முன்பல் இரண்டும் விழுந்திருந்தன,
வாயை மூடச் சொன்னார் போட்டோக்காரர்.
படத்தைப் பார்த்து பியூலா
"யார் இந்தப் பொண்ணு?" என்றாள் விளையாட்டாக.
பிறகு கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.
பேசியபோது,
ஏதாவது நகர்ந்ததா என்றாள்.
முன்பெல்லாம் வேறு என்னென்னவோ பேசுவோம்.
ஃபேனை இரண்டில் வைப்பதா நான்கில் வைப்பதா என்று
நடுராத்திரியில் சண்டை போட்டிருக்கிறோம்.

நேற்று கோதண்டனுக்குப் பட்டா வந்துவிட்டது.
அச்செடுத்துக் கொடுத்தேன்,
தன் பெயர் மேல் விரலை வைத்து
இரண்டு தடவை தேய்த்துப் பார்த்தார்.
மண் உதிராத வேர்க்கடலை ஒரு பை,
மேசை மேல், கீபோர்டு மேல்.
படி இறங்கியவர் திரும்பி,
"உங்களுது எங்க நிக்குது சார்?"

என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை.
சொன்னேன்.
கொஞ்சம் அதிகமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.
நம்பரைக் கேட்டார்.
பஸ் டிக்கெட்டின் பின்பக்கம்
ஒவ்வொரு எண்ணாக
அழுத்தி அழுத்தி எழுதிக்கொண்டார்.

இரவு ஒன்பதரைக்கு போன்.
பின்னால் மாடு கத்துகிறது,
"அப்பா, அத அமுக்காத" என்கிறது ஒரு பெண் குரல்.
"சார், பாப்பா போன்ல பாத்தோம்.
இன்னும் பரிசீலனைலயே கீது.
நீங்க தூங்குங்க.
காலைல பால் கறந்துட்டு
மறுபடி பாக்கறேன்."