நான்கு மில்லி

அட்டை கிழிந்ததால் விற்க முடியாத
ஐந்து மில்லி சிரிஞ்சு ஒன்று.
மருந்துக்கடை வேலையில் எனக்குக் கிடைத்த போனஸ்.

நான்காம் கோடுவரை தண்ணீர் உறிஞ்சி
பதினாறு சென்டிமீட்டர் புனலில் விட்டால்
கீழேயுள்ள இரட்டைக் கிண்ணம்
ஒரு பக்கம் சாய வேண்டும்.
ஒரு சாய்வு என்றால்
பூஜ்யம் புள்ளி இரண்டு மில்லிமீட்டர் மழை.

சாயவில்லை.
திருகைக் கால் சுற்று திருப்பினேன்.
மூன்றிலேயே கவிழ்ந்தது.
அதில் பாதி திரும்ப எடுத்தேன்.
கோத்தகிரியின் கடைசிப் பேருந்தும்
மேட்டுப்பாளையம் இறங்கிப் போன பிறகு
நான்கில் சாய்ந்தது.
இன்னொரு முறை. நான்கு.
பக்கத்துப் போர்ஷனில் சுவரைத் தட்டினார்கள்.
கத்தியிருக்கிறேன் போல.

அச்சுக்குக் குடைக்கம்பி.
காந்தம், பழைய கைப்பையின் பொத்தானிலிருந்து.
ரீட் சுவிட்ச் மட்டும் கோயம்புத்தூரிலிருந்து வந்தது,
அரிசி நீளக் கண்ணாடிக் குழாய்,
மூன்று வாங்கி இரண்டைக் கால் வளைக்கையிலேயே உடைத்தேன்.
மூன்றாவதை வளைக்கும்போது
மூச்சு விடவில்லை.

ஐப்பசியில் முதல் பெருமழை.
தகரக்கூரை மேல் நின்ற பெயின்ட் வாளியில்
ஸ்கேல் வைத்து அளந்தால் முப்பத்தொன்று.
என் கருவி சொன்னது அறுபத்திரண்டு.
அருவங்காட்டிலிருந்து பெள்ளிராஜ் போனில் சிரித்தான்:
"கதவை நீ ஒரு தடவைதான் சாத்துறே,
அது ரெண்டு தடவை அதிருது."
ஒரு வரி எழுதினேன்.
ஒரு முறை கேட்டதும்
இருநூறு மில்லிசெகண்டு காதைப் பொத்திக்கொள்.

கார்த்திகையில் அடைமழை. ரோட்டில் மண் சரிந்து
இன்சுலின் பெட்டி குன்னூரிலேயே நின்றுவிட்ட நாள்.
கருவி சொன்னது: பூஜ்யம்.
புனலின் கழுத்தில்
சில்வர் ஓக் சருகைக் கதவாக்கி
ஒரு சிலந்தி குடியிருந்தது.
காலி செய்யச் சொன்னேன், குச்சியால்.
கொசுவலையைக் கூம்பாகத் தைத்து
மூன்று கம்பி மேல் நிறுத்திப்
புனலுக்குக் குல்லா போட்டேன்.
அத்துடன் முடிந்தது என்று நினைத்தேன்.

மாசி.
பொங்கலுக்குப் பின் ஒரு சொட்டில்லை.
வீட்டுக்கார ஜோகி அண்ணன்
குடத்துக்குக் கணக்கு வைக்கத் தொடங்கியிருந்தார்.
அப்போதுதான் வரைபடத்தில் மூன்று கோடுகள்:
ஐந்து பத்து.
ஐந்து நாற்பது.
ஆறு ஐந்து.
மறுநாளும்.
குருவி உட்காருகிறது என்றேன்.
பேட்டரி இறங்குகிறது என்றான் பெள்ளிராஜ்.
டேங்க் வழியவே இல்லை என்றார் அண்ணன்,
யாரும் அவரைக் கேட்காமலே.

குரங்குக்குல்லாயும் டார்ச்சுமாக
நாலரைக்கே கூரையேறினேன்.
கீழே சமவெளியின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன,
யாரும் அணைக்கவில்லை, பனிமூட்டம் ஏறி வந்தது.
என் கை தெரியவில்லை.
வலை மட்டும் தெரிந்தது:
ஒவ்வொரு கண்ணிலும் ஒரு வெள்ளைப் புள்ளி,
புள்ளி பக்கத்துப் புள்ளியோடு சேர்ந்து
கனம் தாங்காமல் சரிந்து
நூலோடு இறங்கி
புனலுக்குள்.
நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.
டிக்.

"மழையில்லாத மாசத்துல அதைத் தள்ளிட்டு எண்ணு,
ஒரு வரிதானே" என்றான்.
எழுதினேன். சேமிக்கவில்லை.
இன்னொரு சிரிஞ்சைக் காசு கொடுத்து வாங்கினேன்.
இன்னொரு புனல், இன்னொரு குடை,
இந்த முறை வலையில்லாமல்,
சிலந்திக்கு நானே வாரம் ஒரு முறை குச்சியோடு வருவதாக.
ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவதற்கு
நோட்டில் ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறேன்.
தலைப்பு இன்னும் எழுதவில்லை.
மழை என்றால் பொய்.
பூஜ்யம் என்றாலும் பொய்.

இருமல் மருந்து வாங்க வந்த எஸ்டேட் டிரைவர்
கவுண்டரில் கிடந்த நோட்டைப் பார்த்துக் கேட்டார்:
"நாளைக்கு வருமாம்மா?"
வருவது தெரியாது, வந்ததை மட்டும்தான் எண்ணும் என்றேன்.
"அப்ப எதுக்கு?"
சில்லறை கொடுத்தேன்.
மூடியில் அளந்து பத்து மில்லி, இரண்டு வேளை என்றேன்.
வெளியே பனி கடைப்பலகையை
'மரு' வரைக்கும் அழித்திருந்தது.