ரொட்டி மா

கொழும்பு பஸ்ஸில் இன்னொரு சீட்டுக்கும் காசு கட்டி
இர்பாஸ் கொண்டுவந்த ரிம் இரண்டும்
பதினைஞ்சு இஞ்சி.
காரில் நின்றது பதினேழு.

இஷாவுக்குப் பிறகு ஜக் அடித்து
பின்சில்லைக் கழற்றிப் புதிசை ஏற்றினோம்.
கால் சுற்று.
கிறீச்.
கலிப்பரின் முதுகு ரிம்மின் உள்வயிற்றில் இடிக்கிறது.

"கிரைண்டரால ஒரு தடவு தடவுங்க காக்கா,
ஓட்டம் சனிக்கிழமை."

வார்ப்பின் விளிம்பை, அதில் பொறித்த எழுத்துகளை
உரசி எடுத்தேன். சில்லு சுற்றியது.
எவ்வளவு இடம் இருக்கிறது? கண்ணுக்குத் தெரியாது.
பக்கத்துக் கடையில் கொத்து அடிக்கிற சத்தம்;
துசிக்காந்தன் ஓடிப்போய்
எண்ணெய் மினுங்கும் ரொட்டி மா ஒரு உருண்டை வாங்கி வந்தான்.
கலிப்பரில் அப்பி, ரிம்மை மாட்டி,
ஒரு சுற்றுச் சுற்றிக் கழற்றினால்
மா நசுங்கிக் கிடக்கிறது
கலியாணக் காட்டின் கனத்தில்.

இன்னும் கொஞ்சம், என்கிறான்.
இன்னும் கொஞ்சத்துக்கு அந்தப் பக்கம் பிஸ்டன்,
பிரேக் ஒயில்.
சாய்ந்தமருதுச் சந்தியில் இந்தக் காரை நிறுத்துவது
அந்த ஒரு கரண்டி ஒயில்தான்.
திங்கட்கிழமை இவன் தங்கச்சி
இதிலேதான் ஒலுவில் கம்பஸுக்குப் போவாள்.

ஐந்து மில்லி ஸ்பேசர் வைத்தேன். இடம் கிடைத்தது.
மறுகா, நட் மூன்று சுற்றோடு நின்றுவிட்டது.
போல்ட் கட்டை.

நீளப் போல்ட் நாளைக்குக் கல்முனையில். கிடைத்தால்.
கிரைண்டரின் வயரைச் சுற்றி வைத்தேன்.
இர்பாஸ் இன்னும் குந்தியிருக்கிறான்,
போன் வெளிச்சத்தில்
மாவைப் புரட்டிப் புரட்டி
நகத்தால் அளந்தபடி.