உப்புக் கரை

மார்செல்லோ எங்கள் தோலை வாங்குகிறவன்.
ஏதோ ஒரு தீவில் பிறந்து
திராட்சைக் காலத்தில் மட்டும் ஊருக்குப் போகிறவன்.
ஞாயிற்றுக்கிழமை. டிரம்கள் நின்றிருந்தன.
"பழைய இடிபாடுகள் உண்டா? கடற்கரை எவ்வளவு தூரம்?"
இடிபாடு பக்கம்தான், கரை மூன்று மணி நேரம் என்றேன்.
சர்தார் பாஷா வண்டியை ஆற்காட்டுக்குத் திருப்பினார்.

கோட்டை போய் வாசல் மட்டும் மிஞ்சிய இடம்
டெல்லி கேட்.
அதன் வழியாக டெல்லிக்குப் போகிறவர் யாருமில்லை.
காவலாளி டீ குடிக்கப் போன நேரம் பார்த்து
காலுறை சுற்றிய பாட்டிலைப் பையிலிருந்து எடுத்தான்.
கிளாஸ் இல்லை.
என் சாம்பிள் பெட்டியில் பீக்கர்கள் இருந்தன,
ஐம்பது மில்லி, கோடு போட்டவை.
கழுவியதுதான் என்று இருமுறை சொன்னேன்.

சுழற்று. முகர். நாக்கின் மேல் நிறுத்து.
விழுங்காதே, மெல்வதுபோல் செய்.
என்ன தெரிகிறது, சொல்.
முதலில் பயம்தான் தெரிந்தது, பிறகு புளிப்பு,
பிறகு கன்னத்தின் உட்புறம்
ஆவாரம்பட்டைக் குழியில் போட்ட ஆட்டுத்தோல்போல
மெல்ல இறுகியது.
"அத்திப்பழம்," என்றான், கண்ணை மூடிக்கொண்டு.
"மழையில் நனைந்த கல். பழைய தோல்."
பாஷா குடிப்பதில்லை.
மூக்கருகே ஒருமுறை கொண்டுபோய்த் திருப்பித் தந்தார்:
"கடுக்காய்ங்க."
முப்பது வருஷம் தொட்டியோரம் நின்ற மூக்கு.
இதை அவனுக்கு எப்படிச் சொல்ல?
நீ பீப்பாயில் ஊறப்போடும் துவர்ப்பைத்தான்
நாங்கள் குழியில் ஊறப்போடுகிறோம்.
உனக்கு நாக்கு இறுகுகிறது,
எங்களுக்குத் தோல்.

பாலாற்றில் இறங்கினோம்.
மணல். மணலுக்கு நடுவே திட்டுகள்,
திட்டுகளின் தலையில் சீமைக்கருவேலம்.
ஒவ்வொன்றுக்கும் தன் கடலிலிருக்கும் தீவொன்றின் பெயரை
வைத்துக்கொண்டே நடந்தான்.
மூன்றாம் தீவில் ஒரு நாய் தூங்கியது.
நாலாவதில் யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு.
குனிந்து எடுத்து, வளைத்து, தட்டிப் பார்த்து
"ரெக்சின்," என்று வைத்துவிட்டான்,
இறந்தவரின் நாடி பார்த்தவன்போல.

அக்கரையில் ஒரு போர்வெல் ஓடிக்கொண்டிருந்தது.
கேழ்வரகு காய்ந்து நின்ற வரப்பில்
சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒருத்தி.
வேண்டா என்று பேர்.
நாலாவதும் பெண்ணென்று வைத்தார்களாம்,
கேட்காமலே சொன்னாள்.
அதற்குள் அவன் பீக்கரை நீட்டிவிட்டான்.
"ஐய, அத்தக் குடிக்காதீங்க சார்!"
குடிக்கவில்லை. பழக்கதோஷம்:
சுழற்றினான், முகர்ந்தான், நாக்கின் மேல் நிறுத்தினான்.
கண்ணை மூடினான்.
திறந்தான்.

"மாரே."

அவன் மொழியில் எனக்குத் தெரிந்தது நாலு சொல்.
தோல், விலை, தாமதம்,
கடல்.

அளவு எனக்குத் தெரியும்.
கிணறு வாரியாக, வருஷம் வாரியாக எழுதியிருக்கிறேன்.
அவன் ஊரில் பாட்டில்மேல் ஒட்டுவதை
நான் கோப்புக்குள் வைக்கிறேன்.
நல்ல வருஷம் என்று ஒன்று
அதில் இன்னும் வரவில்லை.
தோலை உப்பில்தான் கொண்டுவருகிறார்கள்.
கழுவிய உப்பு எங்கேயாவது போகத்தானே வேண்டும்?
என்னிடம் அவன் கேட்கவில்லை.
மண்ணில் துப்பிவிட்டு
மணலையே பார்த்துக்கொண்டு நின்றான்.
நாளைக்குக் கையெழுத்திட வேண்டிய ஆர்டர்
என் பையில் இருந்தது.

"இன்னா சொல்றாரு?" என்றாள் வேண்டா.
"கடல் மாதிரி இருக்குதாம்."
"கடலா? நா பாத்ததே இல்லியே."
குழாயடியில் விரலை நனைத்து
நாக்கில் வைத்துக்கொண்டாள்.
தினமும் கால் கழுவுகிற தண்ணீர்.
சற்று நேரம் எதுவும் சொல்லவில்லை.

பிறகு, காலி பாட்டில் வேணும், எண்ணெய் வாங்க ஆகும் என்றாள்.
கொடுத்தோம்.
தூக்கி வெயிலில் பார்த்தாள், மூக்கைச் சுளித்தாள்,
அதே தண்ணீரில்
மூன்று தரம் கழுவினாள்.