கடைசி ஒரு விரற்கடை

பழைய தட்டு சிமெண்டுத் தரையில் கிடக்கிறது
ரிவெட் தலைகள் தெரியும்வரை தேய்ந்து.
தேய்த்தது சாலை இல்லை, கடற்பாலம்.
வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு உட்லண்ட்ஸ்,
ஒன்பதரைக்கு ஜொகூர்.
முதல் கியர், பாதி கிளட்ச், பிரேக்.
முதல் கியர், பாதி கிளட்ச், பிரேக்.
நடுவில் நிறைமதியின் குரல் கைப்பேசியில்:
"அப்பா, எங்க இருக்க?"
"போன தடவ கேட்டப்ப இருந்த இடத்துலதான்டா."

சின் மிங் பட்டறைக்காரர்
பானெட்டைக்கூடத் திறக்கவில்லை.
சிஓஇ இன்னும் பதினொரு மாதம்,
அப்புறம் நசுக்கப்போகிற வண்டி,
எதற்குப் புது கிளட்ச் என்றார்.
பதில் இருந்தது.
பட்டறையில் சொல்கிற பதில் இல்லை.

வீவக கார் நிறுத்துமிடத்தில்
ஜாக்கியை எடுத்தாலே யாராவது படம் பிடிப்பார்கள்.
தரைவீட்டில் இருப்பவர்களில்
எனக்குத் தெரிந்தவன் குணாளன் மட்டும்.
அவளுடைய அண்ணன்.
நீதிமன்றத் தாள் வந்த நாள்வரை மச்சான்,
பிறகு மூன்று வருடம்
கைப்பேசியில் வெறும் பெயர்.

இரண்டு நாள் உன் வாசல் வேண்டும் என்று அனுப்பினேன்.
ஞாயிறு அஞ்சுக்குள்ள முடி,
பூனை இருக்கு, ஆயிலை மூடி வை
என்று வந்தது.

சனிக்கிழமை இறக்கிவிட்டேன், தனியாக.
இறங்குவதற்கு எதுவும் அடம்பிடிப்பதில்லை.

ஞாயிறு.
புதுத் தட்டை நடுவில் நிறுத்த
பெட்டியோடு வந்த பிளாஸ்டிக் தண்டு.
போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக.
மழை சாய்வாக அடித்ததில்
முதுகுக்குக் கீழே மைலோ அட்டை ஊறியது.
முப்பத்தாறு கிலோ கியர்பெட்டி
ஜாக்கியின் மேல், எங்கள் இருவர் தோளுக்கும் நடுவில்.

"மேல."
"எடது."
"இன்னும்."
"நில்லு."
மூன்று வருடத்தில் நாங்கள் பேசியது இவ்வளவுதான்.

தண்டு உள்ளே போனது. போனது. நின்றது.
கடைசி ஒரு விரற்கடை.
அந்த இடைவெளியில் டார்ச் வெளிச்சம்
இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்தது.
முட்டியால் தள்ளினோம்.
மூன்றாவது முறையும் அதே விரற்கடை.
ஸ்பானரை எடுத்தேன்.
"போல்ட்ட முறுக்கி இழுக்காத. காது ஒடஞ்சிரும்."

அப்போதுதான் ஜாக்கி வழுக்கியது.
"மச்சான், புடி!"

பிடித்தேன்.
நெஞ்சில் இரும்பு, காதுக்குள் கியர் ஆயில்,
அழுகிய முட்டை வாடை.
சொன்னது அவனுக்கும் கேட்டிருக்கும்.
இருவரும் ஜாக்கியைத்தான் பார்த்தோம்.

மூச்சு வாங்கிய பிறகு அவன்:
"மூணாவது கியர்ல போடு.
நான் இந்தப் பக்கம் திருப்புறேன்,
நீ அந்தப் பக்கத்த அசையாமப் புடி."
அச்சு நுழையும் ஓட்டைகள் இரண்டு.
ஒன்றை மட்டும் திருப்பினால்
மற்றது எதிர்த்திசையில் சும்மா சுழலும்.
ஒருவன் பிடித்தால்தான் உள்ளே தண்டு அசையும்.
துணி சுற்றிய சுத்தியல் கைப்பிடி அவனிடம்,
என்னிடம் இரண்டு விரல்.
பல் பல்லைத் தேடிற்று.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை.
எம்ஆர்டி கதவு சேரும்போது
கடைசியில் வருமே ஒரு சின்னக் காற்று, அது.
டார்ச் வெளிச்சம் மறுபக்கம் வரவில்லை.

ஒரு போல்ட் மிச்சம்.
அவன் எண்ணினான், நான் எண்ணினேன்,
ஸ்டார்ட்டரைக் கழற்றிப் பார்த்தோம்,
கடைசியில் பூனை உருட்டிய நட்டைத் தேடி
இன்னொரு அரை மணி.

ஐந்தே முக்கால்.
விருந்தாளிகள் கையில் பிரியாணிச் சட்டியோடு
வெளிக்கதவில் நிற்கிறார்கள்.
ரிவர்ஸ் முனகாமல் விழுந்தது.
குணாளன் தெருவில் இறங்கி, கறுத்த கையை நீட்டி
ஒரு வேனை நிறுத்தினான்.
கண்ணாடியில் தட்டினான்.
ஏதோ சொல்லப்போகிறான் என்று இறக்கினேன்.
பழைய தட்டைச் செய்தித்தாளில் சுற்றி நீட்டினான்.
"இத இங்க விட்டுட்டுப் போகாத."

கம்பாஸ் அவென்யூ சிக்னலில்
பச்சை விழுந்ததும் வண்டி அணைந்தது.
பின்னால் ஹார்ன்.
புதுக் கிளட்ச் எந்த உயரத்தில் பிடிக்கும் என்று
காலுக்கு இன்னும் தெரியவில்லை.