மூடியின் உட்புறம்

மார்கழி ஆறு. விடியற்காலம் ஐந்தரை.
களியலில் இருந்து மேபல் றாணி கூப்பிட்டாள்:
“மழ பெய்து எட்டு நாளாச்சு.
ஆனா மச்சு சொட்டுது.
நிங்க போட்ட கூரையாக்கும்.”

சிலிக்கான் இரண்டு குழல், வாஷர் ஒரு பிடி
எடுத்துக்கொண்டு போனேன்.
திருகாணி ஒவ்வொன்றாகத் தடவினேன்.
நூற்று நாற்பத்தாறு.
ஒன்றுகூடக் கண் திறந்திருக்கவில்லை.
இருந்தாலும் அடைத்தேன்,
வந்ததற்கு ஏதாவது செய்ய வேண்டுமே.

“இனி ஒரு எறும்பு நுழையாது” என்றேன்.
போன ஆவணியிலும் இதையேதான் சொன்னேன்,
பழைய ஓடுகளைப் பிரித்துத் தகரம் வேய்ந்த அன்று.
மரப்பட்டி ஏறி மூத்திரம் பெய்கிறது என்று அவள் சொல்ல,
முக்கோண முகப்பின் அழியிடுக்கில்
ஸ்பஞ்சு திணித்து, பலகை அறைந்து,
மேலே பெயின்டும் அடித்துக் கொடுத்தது
என் சொந்த யோசனை. அதற்குக் கூலி வாங்கவில்லை.

ஒன்பதாம் தேதி மறுபடியும் போன்.

இந்த முறை ஏணியை அவளே சாய்த்து வைத்திருந்தாள்.
டார்ச்சோடு தவழ்ந்தேன்.
புளித்த மாவும் நனைந்த நாயும் சேர்ந்த வாடை.
கொடியில் புகை காட்டாத ரப்பர் ஷீட் முப்பது,
விளிம்பெல்லாம் பச்சைப் பூசணம்.
பக்கத்தில் பிள்ளைகளின் காயாத சீருடை.
கீழே அடுக்களையில் அரிசி கொதிக்கும் ஆவி
பலகை இடுக்கு வழியே என் முழங்காலைத் தொட்டது.
நெற்றியில் ஒரு சொட்டு.
நிமிர்ந்தேன்.
தகரத்தின் அடிவயிறு முழுக்க
வேர்க்குரு மாதிரி துளிகள்,
மழை தொடவே முடியாத பக்கத்தில்.

இறங்கினேன்.
‘ஓட்டை ஒன்றும் தெரியவில்லை’ என்பதைத்
தொண்டையில் தயாராக வைத்திருந்தேன்.

மேபல் கஞ்சிக்கலத்தின் மூடியை எடுத்து
மல்லாத்திக் காட்டினாள்.
“இதில ஓட்ட எங்க, றசலண்ணே?”

மூடியின் விளிம்பிலிருந்து
ஒரு துளி என் பெருவிரலில் விழுந்தது.

இருபத்திரண்டு வருடமாய்,
தண்ணீர் மேலிருந்துதான் வரும் என்று
வீடு வீடாய்ச் சொல்லித் திரிந்தவன் நான்.

அரிசி, குளியல், முப்பது ஷீட்,
இரவெல்லாம் உறங்கும் நாலு பேரின் மூச்சு.
எல்லாம் மேலே போய்
குளிர்ந்த தகரத்தில் முட்டி
வாசல் காணாமல் திரும்பி வருகின்றன.
வாசலை அடைத்தவன் நான். பெயின்டோடு.

கடப்பாரையால் பலகையை நெம்பினேன்.
ஸ்பஞ்சைப் பிழிந்தால் ஒரு டம்ளர்.
கிழக்கு முகப்பில் ஒரு முழம், மேற்கில் ஒரு முழம்
திறந்துவிட்டு, மரப்பட்டிக்காகக் கம்பிவலை அடித்தேன்.
ரப்பரை விறகுப்புரைக்கு மாற்றச் சொன்னேன்.
“அங்க வெச்சா கள்ளன் கொண்டுபோவான்” என்றாள்.
சரிதான். அதற்கு என்னிடம் வழியில்லை.

காற்று வந்தது.
பேச்சிப்பாறைப் பக்கத்து மலைக்காற்று.
சீருடையின் ஒரு கை மட்டும்
கொஞ்சம் அசைந்தது.

“எவ்வளவு?” என்றாள்.
ரசீதுப் புத்தகத்தைப் பிரித்தேன்.
‘ஓட்டை அடைத்த வகையில்’ என்று
அச்சடித்தே வைத்திருக்கும் வரி.
‘அடைத்த’ என்பதை அடித்துவிட்டு
‘போட்ட’ என்று எழுதினேன்.
தொகை எழுதக் கை வரவில்லை.

பத்தாம் தேதி ஐந்தரைக்கே விழிப்பு.
போன் அடிக்கவில்லை.
ஜன்னல் கண்ணாடியில்
என் வீட்டு மூச்சு வெள்ளையாய்ப் படிந்திருந்தது.
கையால் துடைத்தேன்.
பிறகு கொக்கியை எடுத்துவிட்டேன்.